கடிகாரத்துக்கு ஒரு கெங்குவார்பட்டிக் கல்

எங்கள் பட்டறைக்கு வந்திருந்த பாறையியல் பேராசிரியர், காப்பியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே ஊர்ப் பெயர்களை அடுக்கினார். சஃபிரின் என்று ஒரு நீலக் கனிமம் இருக்கிறதாம். உலகத்தில் சில இடங்களில்தான் அதைப் பார்க்க முடியுமாம். கிரீன்லாந்து, மடகாஸ்கர், அண்டார்டிகா என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அடுத்த பெயரில் நாக்கு சிக்கி, இரண்டாம் முயற்சியில் "கெங்குவார்பட்டி" என்றார்.

என் கையிலிருந்த கல் வில்லை கீழே விழுந்து உடைந்தது. கெங்குவார்பட்டியா! பெரியகுளத்திலிருந்து வத்தலக்குண்டு பஸ்ஸில் போகும்போது கண்டக்டர் விசிலடித்து ஆள் இறக்குகிற அதே கெங்குவார்பட்டியா! பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என் டிபன் பாக்ஸைக் காலி செய்த செல்வி வாக்கப்பட்டுப் போன ஊர் அல்லவா அது! அண்டார்டிகாவோடு சேர்த்துச் சொல்கிற அளவுக்கு அங்கே ஏதோ இருக்கிறது என்று தேனிக்காரியான எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியவில்லை.

நான் இருப்பது சுவிட்சர்லாந்தில், ஜூரா மலையோரத்துச் சின்ன ஊர் ஒன்றில். விலை உயர்ந்த கைக்கடிகாரங்களுக்குக் கல்லில் டயல் செய்கிற பட்டறை எங்களுடையது. லாபிஸ், மலக்கைட், புலிக்கண் கல், ஓனிக்ஸ், சில சமயம் விண்கல் கூட வரும். அதை விரல் நகத்தின் கனத்துக்கு அறுத்து, வட்டமாக்கி, மெருகேற்றி, பித்தளைத் தகட்டில் ஒட்டி, முள் நிற்பதற்கு நடுவில் துளை போடவேண்டும். அந்தத் துளை போடுகிற நேரத்தில் பட்டறையில் யாரும் தும்மக்கூட மாட்டோம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ஒன்று உள்ளே இருந்தால் போதும், கல் அப்பளம்போல இரண்டாகிவிடும்.

என் வேலை மெருகு மேசையில். மற்றவர்கள் தேர்ந்தெடுத்த கல்லுக்கு நான் பளபளப்பு ஏற்றுவேன். கல்லைத் தேர்ந்தெடுக்கிற மேசை ஜன்னலோரத்தில், நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது. அதில் உட்கார எனக்கு எவ்வளவு ஆசை என்று முதலாளி ரெனேவுக்கு நன்றாகவே தெரியும். பேராசிரியர் கிளம்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"உன் ஊர்க் கல்தானே? போய் எடுத்து வா. ஒரே ஒரு டயல் முழுசாக வந்தால் போதும், ஜன்னலோர மேசை உனக்கு. உடைந்தால் இந்தப் பேச்சை இதோடு விட்டுவிடவேண்டும்."

வருஷ விடுப்பு முழுவதையும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். உள்ளங்கை அளவுக்கு, விரிசல் இல்லாத, நீலம் தெரிகிற ஒரு கல். அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை தேனியில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு சத்தமே எனக்குப் பாதி ஊக்கத்தைக் கொடுத்துவிட்டது. ஜூராவில் பஸ் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. இங்கே "போடி போடி போடி, கம்பம் கம்பம்" என்று ஊர்ப் பெயரைக் காதுக்குள் ஊற்றிவிட்டுத்தான் வண்டி நகரும். பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி, முதல் வாயிலேயே மூக்கில் தண்ணீர் வரத் தின்றேன். பக்கத்து மேசைக்காரர் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளிவைத்தார்.

அப்பாவுக்கு பஜாரில் டைல்ஸ் கடை. எங்கள் திருச்சபையில் மூப்பர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும், கடைக்குள் போய் கிரானைட் சாம்பிள் துண்டுகளைக் கை நிறைய அள்ளி வந்தார்.

"இந்தா, இதுல இல்லாத கலரா? கல்லுக்காகவா இம்புட்டு தூரம் வந்த?"

"இது சமையல் மேடைக்குப்பா. எனக்கு வேண்டியது கைக்கடிகாரத்துக்கு."

"கையில கட்டுறதுக்குக் கல்லா? கையி கனக்காதா?" என்றார். கனக்காது என்று விளக்கி முடிக்கிறதுக்குள் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். பாத்ரூம் டைல்ஸ் பேச்சில் நான் மறக்கப்பட்டேன்.

புதன்கிழமை ஓடைப்பட்டிக்குப் போனேன். கெங்குவார்பட்டிக்கு நேராகப் போயிருக்கலாம்தான். ஆனால் திராட்சைப் பந்தலைத் தாங்கி நிற்கும் கல்லுக்கால்களில் ஒருவிதப் பச்சைச் சாயல் உண்டு என்று எனக்கு ஒரு நினைவு. கெங்குவார்பட்டி கைவிட்டால் இதுவாவது இருக்கட்டும் என்று ஒரு கணக்கு. சின்னமனூர் தாண்டியதும் டவுன் பஸ் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. டிரைவர் இறங்கிப் பார்த்து, ஏறி, மறுபடி இறங்கினார். பயணிகள் யாரும் பதறவில்லை. ஒரு அம்மா பையைத் திறந்து பட்டாணி கொறிக்க ஆரம்பித்தார். எங்கள் ஜூராவில் ரயில் கொஞ்சம் தாமதமானாலே ஜனங்கள் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

காலிப் பழப்பெட்டிகளோடு வந்த குட்டியானை வேன் ஒன்றைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டேன். டிரைவர் போனில் குமுளி வியாபாரியிடம் "வருந்நுண்டு சேட்டா, வருந்நுண்டு" என்று, இதோ வந்துகொண்டிருப்பதாக மலையாளத்தில் அடித்துச் சொல்லிக்கொண்டே, எதிர்த்திசையில் ஓடைப்பட்டிக்கு வண்டியை ஓட்டினார்.

பந்தலுக்கடியில் போனதும் உடம்பு குளிர்ந்தது. தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகப் பழம். நான் பழத்தை விட்டுவிட்டு, ஒரு கல்லுக்காலைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோட்டக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"அம்மிணி, பழத்தைப் பாக்க வந்தீகளா, காலைப் பாக்க வந்தீகளா?"

"காலைத்தான். இதுல ஒரு துண்டு கெடைக்குமா?"

"பழம் நிக்கிற நேரத்துல கால்ல கை வைப்பாகளா? ஒண்ண அசைச்சா கம்பி தொய்ஞ்சு மொத்தப் பந்தலும் படுத்துரும். அந்தா, வரப்போரமா ஒடைஞ்ச கால் ஒண்ணு கெடக்கு. அதத் தூக்கிட்டுப் போங்க."

தூக்கிப் பார்க்கவே வேண்டாம். குருணை பெரிது, நிறம் சாம்பல். பந்தலைத் தாங்க நல்ல கல். மணிக்கட்டில் வைத்தால் பீங்கான் சில்லுபோல இருக்கும். நன்றி சொல்லிக் கிளம்பினேன். அவர் வெறுங்கையோடு விடவில்லை. ஒரு பை பன்னீர் திராட்சையோடு திரும்பினேன். தேனி வரும்வரை ஒவ்வொன்றாக வாயில் போட்டு, விதையை ஜன்னலுக்கு வெளியே துப்பிக்கொண்டே வந்தேன். இப்படித் துப்பி எத்தனை காலமாயிற்று!

வியாழக்கிழமைதான் கெங்குவார்பட்டி. செல்வி ஸ்டாப்பிலேயே நின்றிருந்தாள்.

"ஏண்டி, இம்புட்டு எளைச்சுப் போயிட்ட? அங்கன சோறே போடமாட்டாகளா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் என் பையைப் பிடுங்கி ஸ்கூட்டரில் மாட்டினாள். செல்வியின் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி அண்ணனுக்கு மாந்தோப்பும் கொஞ்சம் தென்னையும் உண்டு. வீட்டில் மத்தியானத்துக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கட்டுரை கல்லுக்கு வந்து சேராது. மூன்று முறை சோறு வாங்கினேன் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன்.

சாப்பிட்டு முடித்ததும் நான் மலையைப் பார்த்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார்.

"மலையில கை வச்சுராதீக. அது பாரஸ்ட்டு எடம். நம்ம தோப்புல கெணறு வெட்டுன கல்லு மலையாட்டம் கெடக்கு. பட்டா நெலம். எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க."

கிணறு வெட்டிய கல்! எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. மேலே கிடக்கிற பாறை வெயிலிலும் மழையிலும் செத்துப்போயிருக்கும். ஆழத்திலிருந்து வந்த கல்லுக்கு நிறம் அப்படியே உயிரோடு இருக்கும். தோப்புக்கு நடந்தேனா ஓடினேனா என்று செல்வியைத்தான் கேட்கவேண்டும்.

கிணற்று மேட்டில் கல் குவியலாகக் கிடந்தது. ஒவ்வொன்றாகப் புரட்டி, தண்ணீர் தெளித்து, டார்ச் அடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் வரப்பில் ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து வைரம் தேட ஆள் வந்திருக்கிறது என்று ஊருக்குள் சேதி போயிருந்தது.

"எங்க மாமா தோட்டத்துலயும் மின்னுற கல்லு கெடக்கு, வந்து பாக்குறீகளா?" என்றார் ஒருவர். இன்னொருவர் மடியிலிருந்து பச்சையாக ஒன்றை எடுத்து நீட்டி, இது மரகதமா என்று ரகசியமாகக் கேட்டார். சோடா பாட்டிலின் அடிப்பாகம். சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எதுக்கும் இன்னொருக்க நல்லாப் பாருங்க" என்றார். இன்னொரு முறை பார்த்தேன். அப்போதும் சோடா பாட்டிலாகத்தான் இருந்தது.

வெயில் சாயும் நேரத்தில் அது கைக்கு வந்தது. தேங்காய் அளவில், பழுப்பும் கருப்புமாக, சேறு அப்பிய கல். தண்ணீர் ஊற்றினேன். சேறு வழிந்ததும் கத்தரிக்காய்த் தோலின் நீலம் எட்டிப் பார்த்தது. ஒன்றிரண்டல்ல, கல் முழுக்க நீலக் குருணை. இடையிடையே மாதுளை முத்து நிறத்தில் கார்னெட். நான் போட்ட கத்தலில் தென்னையில் இருந்த மைனாக்கள் பறந்துவிட்டன. அண்டார்டிகாவுக்குப் போகவேண்டாம்! செல்வி வீட்டுத் தோப்பு போதும்!

கல் காய்கிறவரை கண் எடுக்காமல் பார்த்தேன். விரிசல் இருந்தால் அந்த இடம் மட்டும் ஈரக்கோடாகக் கொஞ்ச நேரம் நிற்கும். எந்தக் கோடும் நிற்கவில்லை. தங்கப்பாண்டி அண்ணனுக்கும் என் சந்தோஷம் தொற்றிக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் பீரோவிலிருந்து ஒரு புதுத் துண்டை எடுத்து, கல்லைச் சுற்றி என் கையில் கொடுத்தார்.

எங்கே வைப்பது? திண்ணையில் வைத்தால் யாராவது எடுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிடுவார்கள். கூடத்தில் இருந்த பூஜை அலமாரியைப் பார்த்தேன். வீட்டில் யாரும் கண்டபடி கை வைக்காத இடம் அது ஒன்றுதான். எங்கள் வீட்டில் பூஜை அலமாரி கிடையாது, அதன் நடைமுறை எனக்கு என்ன தெரியும்? புதுத் துண்டில் சுற்றிய கல்லைப் பித்தளைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துவிட்டு, ஜெபம் பண்ணிவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை விழித்தபோது வெயில் சுள்ளென்று இருந்தது. சுவிஸ் தூக்கம் இன்னும் உடம்பைவிட்டுப் போகவில்லை. வீடு முழுக்கச் சாம்பிராணி வாசனை. கண்ணைக் கசக்கிக்கொண்டு அலமாரியைப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டேன்.

என் கல் துண்டுக்குள் இல்லை. பிள்ளையாருக்குப் பக்கத்தில், நிமிர்ந்து, பளபளவென்று உட்கார்ந்திருந்தது. மேலே குழைத்துப் பூசிய திருநீற்றுப் பட்டை. நடுவில் குங்குமப் பொட்டு. தலையில் செவ்வரளிப் பூ.

"செல்வி! என்னடி பண்ணி வச்சிருக்க?"

அடுப்படியிலிருந்து பணியாரக் கம்பியோடு வந்தாள். முகத்தில் அப்படியொரு நிறைவு.

"வெள்ளனாவே எந்திரிச்சு நல்லெண்ண தேச்சு ஊற வச்சேண்டி. பெறகு சீயக்கா போட்டுக் குளிப்பாட்டி, திருநீறு போட்டேன். வயிறும் தும்பிக்கையும் எப்படி அமைஞ்சிருக்கு பாரு! உங்க சாமி வேற எங்க சாமி வேறன்னாலும், நீ கொண்டாந்து எங்க பிள்ளையாருக்குப் பக்கத்துல புதுத்துணியோட வச்சியே, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு."

எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது, வேறு காரணத்துக்கு. எண்ணெய்! டயல் கல்லுக்கு எண்ணெயைப்போல எதிரி கிடையாது. பித்தளையில் பசை பிடிக்காது. அதைக்கூட அசிட்டோனில் ஊறப்போட்டுச் சரிபண்ணிவிடலாம். ஆனால் நான் "இதை அறுக்கணும்டி" என்று வாயைத் திறந்ததும் அவள் முகம் போன போக்கை எந்தத் திரவத்தில் ஊறப்போடுவது?

"பொட்டு வச்ச கல்ல அறுப்பாகளா? அடி ஆத்தா, வாயில கூடச் சொல்லாத."

"செல்வி, இதுக்காகத்தான் வந்தேன். இது இல்லாம நான் திரும்பிப் போகவே முடியாது."

"வேற கல்லு பாரு. குமிஞ்சு கெடக்குல்ல?"

"அம்புட்டையும் பாத்தாச்சு. நீலம் இதுலதான் இருக்கு."

"அப்ப அது எங்க வீட்டுக்குன்னு வந்தது" என்று முடித்துவிட்டு, பணியாரம் கருகுகிறது என்று உள்ளே போனாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் அல்ல, பூஜை அலமாரியைப் பெட்டகம் என்று நினைத்த என்மேல். கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. சிநேகிதி வீட்டிலிருந்து சாமியைத் திருடிய பெண் என்று தேனி சபையில் அப்பா தலை நிமிர முடியுமா?

தட்டில் பணியாரம் வந்தது. தொடவில்லை. நாற்காலியை அலமாரிக்கு எதிரே போட்டு, என் கல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தங்கப்பாண்டி அண்ணன் நடுவில் ஒரு முறை எட்டிப் பார்த்தார், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார், தோப்பில் வேலை இருக்கிறது என்று நழுவினார்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. காய்ந்து வெளுத்த திருநீற்றுப் பட்டையில் மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று. முதலில் முடி என்று நினைத்தேன். ஊதினேன். போகவில்லை. லென்ஸை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"ஏண்டி, சாமி மொகத்துல போயி லென்ஸ வைக்கிற?" என்று செல்வி ஓடிவந்தாள்.

"செல்வி, இங்கன வந்து பாரு. எண்ண கசியுது."

கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் எண்ணெய் இறங்கியிருக்கிறது. மேலே துடைத்த பிறகு, உள்ளே இருந்தது மெல்ல வெளியே வந்து திருநீற்றில் கோடு போட்டிருக்கிறது. தொழிற்சாலைகளில் இரும்பில் விரிசல் பார்க்க இப்படித்தான் செய்வார்கள் என்று எங்கோ படித்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. எண்ணெய், பிறகு துடைப்பு, பிறகு வெள்ளைப் பொடி. செல்வி ஒன்றையும் விடாமல் அதே வரிசையில் செய்திருக்கிறாள், பூஜை என்று நினைத்து! தண்ணீரில் நான் பார்த்த சோதனையில் தப்பிய விரிசல் இதில் மாட்டிக்கொண்டது.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஜூராவுக்குக் கொண்டுபோய் அறுத்திருந்தால் முதல் வெட்டிலேயே கதை முடிந்திருக்கும்.

செல்வி சிரிக்கவில்லை. விரலால் அந்தக் கோட்டைத் தொடாமல் காற்றிலேயே வரைந்து பார்த்தாள்.

"பின்னமா?" என்றாள் மெதுவாக.

பின்னமான உருவத்துக்குப் பூஜை கிடையாது. எனக்குக்கூட அது தெரியும். விரிசல் விட்ட சாமியைத் தண்ணீரில்தான் விடவேண்டும். எங்கள் பட்டறைச் சட்டமும் இதேதான் என்று அப்போது தோன்றியது. அவளுக்கும் எனக்கும் ஒரே கல் வேண்டும், இருவருக்குமே அது முழுசாக வேண்டும்.

இருவரும் கல்லை மொட்டை மாடிக்குக் கொண்டுபோனோம். இந்த முறை விரிசல் பார்ப்பதற்கென்றே அவள் பூவையும் குங்குமத்தையும் எடுத்துவிட்டு, திருநீற்றைக் குழைத்துக் கல் முழுக்க வெள்ளையாகப் பூசினாள். வெயிலில் காயவைத்துவிட்டு, சூடு ஆறிய பணியாரத்தைத் தின்றுகொண்டே இரண்டு பேரும் காவல் இருந்தோம். மெதுவாகக் கோடுகள் வெளியே வந்தன. ஒரு பெரிய கோடு கல்லைக் குறுக்கே இரண்டாகப் பிரித்தது. அதற்கு ஒரு பக்கம் முழுக்கச் சிலந்தி வலை. மறுபக்கம், என் முஷ்டி அளவுக்கு, வெளுத்த வேட்டிபோல ஒரு கறை இல்லாமல் இருந்தது. எழுந்து குதித்தேன்.

தோப்பிலிருந்து வந்த அண்ணன் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "வெடி வச்சு எடுத்த கல்லுல்ல? அந்தப் பக்கந்தான் வெடி பட்டிருக்கும்."

நல்ல பாதியைக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. செல்விதான் பேசினாள்.

"பின்னமானதுல நல்ல பாதி கெட்ட பாதின்னு சாமிக்குக் கெடையாதுடி. நீ எடுத்துக்க."

"உனக்கு வருத்தமில்லையே?"

"இல்லாம இருக்குமா? காலையில இருந்து எத்தனை பேச்சுப் பேசியிருப்பேன் அதுக்கிட்ட." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "செலையே பாறைய ஒடைச்சு எடுக்குறதுதான. முழுசா உருவாகி வந்தா அதுவே சாமி. உன் வட்டம் முழுசா வந்துச்சுன்னா எனக்குச் சொல்லு. ஒடைஞ்சா சொல்லாத, தண்ணியில விட்டுரு."

அண்ணன் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தார். உளியைப் பெரிய கோட்டின்மேல் வைத்து, கேட்டும் கேட்காததுமாக ஒரு தட்டு தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தட்டு. கல் கோடு போட்ட இடத்திலேயே வாய் பிளந்தது. உள்ளே இருந்த நீலத்தைப் பார்த்ததும் செல்வி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

விரிசல் பட்ட பாதியை மூவருமாகத் தோப்புக் கிணற்றுக்குக் கொண்டுபோனோம். செல்வி கற்பூரம் காட்டினாள். நான் சும்மா நின்றேன், ஆனால் மனசுக்குள் நன்றி சொன்னேன், யாருக்கு என்று பிரிக்காமல். வெடி வைத்து வெளியே எடுத்த கல் தொபுக்கென்று அதே கிணற்றுக்குள் போனது. அலை அடங்குகிறவரை பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

மதுரை விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். கல்லின் மடிப்புகளில் திருநீறு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. சோதனை செய்த பெண் அதிகாரி என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி சிலுவையைப் பார்த்தார். "சாமிக் கல்லா?" என்றார். "பாதி" என்றேன். அவர் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் பக்குவமாக வைத்துக் கொடுத்தார்.

பட்டறையில் ரெனே கல்லை முகர்ந்து பார்த்தார். "என்ன வாசனை இது?" நல்லெண்ணெய் என்று சொல்லி, நடந்ததை எல்லாம் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் திருநீறு என்றால் என்ன, எப்படிச் செய்வது, எங்கே கிடைக்கும் என்று துருவித் துருவிக் கேட்டார்.

எண்ணெய் போகக் கல்லை ஊறவைத்து, அறுத்தோம். முதல் வில்லை இயந்திரக் கோளாறில் போனது. அடுத்தது மெருகில் ஓரம் சிதைந்தது, அது என் கைத்தவறு. மூன்றாவது வில்லை வட்டமாகி, பளபளப்பாகி, பித்தளைமேல் உட்கார்ந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் நீலம் எரிந்தது. இனி நடுத்துளைதான். ரெனே துளைக்கருவியை என் பக்கம் நகர்த்தினார். "உன் கல், நீயே போடு."

தண்ணீர் சொட்டச் சொட்டக் கருவியை இறக்கினேன். காலையிலிருந்து தும்மிக்கொண்டிருந்த எங்கள் கணக்காளர்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டார். மெல்லிய சத்தம் ஒன்று கேட்டது. குனிந்து பார்த்தேன். துளை விழுந்திருந்தது. டயல் முழுசாக இருந்தது! நான் பிரெஞ்சில் கத்தினேனா தமிழில் கத்தினேனா என்று தெரியவில்லை. ரெனே என்னைக் கட்டிக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து ஜன்னலோர மேசை உனக்கு என்றார். இன்றைக்கு அந்த மேசையில்தான் இருக்கிறேன். லென்ஸுக்கும் டார்ச்சுக்கும் பக்கத்தில் ஒரு நல்லெண்ணெய் பாட்டிலும் ஒரு திருநீற்றுப் பொட்டலமும் இருக்கின்றன. திருநீற்றைத் தேனி பஜாரில் வாங்கி அனுப்பியது சபை மூப்பரான என் அப்பா. கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தாராம்.

அன்றைக்குக் கொண்டாட்டம் முடிந்து மேசையைத் துடைக்கும்போது, தண்ணீர்த் தட்டில் ஏதோ மின்னியது. துளை போட்டபோது நடுவிலிருந்து கழன்று விழுந்த துண்டு. கடுகளவு. துடைத்து லென்ஸில் பார்த்தேன். சுத்தமான வட்டம், முழு நீலம். பிறகு அப்பாவின் பொட்டலம் வந்ததும், நல்லெண்ணெய் தொட்டு, திருநீறு தூவிப் பார்த்தேன். ஒரு கோடு இல்லை.

மருந்துப் பொட்டலம்போல மடித்து, டப்பாவுக்குள் டப்பா வைத்து அனுப்பினேன். தட்டில் வைத்துப் பிரி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பிரி என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பார்சல் வந்த அன்று செல்வி வீடியோவில் கூப்பிட்டாள். திரையில் அவள் முகம் இல்லை. பூஜை அலமாரியில் பித்தளைப் பிள்ளையார் மட்டும் தெரிந்தார். அவர் நெற்றியில், கொஞ்சம் சந்தனத்தின்மேல், நீலமாக ஒரு புள்ளி.

"தெரியுதாடி?" என்றது அவள் குரல்.

"தெரியுது செல்வி. ரொம்பச் சின்னதா இருக்கு, கோவிச்சுக்காத."

"சின்னதா இருந்தா என்னடி," என்றாள், "பின்னமில்லாம இருக்குல்ல."